முன்சீட்டுப் பேச்சு

மூன்று வருஷத்தில் ஊமச்சிக்கு வாய் முளைத்திருந்தது.

பேருந்து நின்ற இடத்திலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் நர்சம்மா அதைக் கண்டுகொண்டாள். பதினோரு வருஷம் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். அத்தனை வருஷமும் குடியிருந்தது பால்வண்டிக்காரர் வீட்டுப் பக்கத்து அறையில். அவருடைய மனைவியைத்தான் ஊர் ஊமச்சி என்று கூப்பிடும். அவள் பிறவி ஊமை இல்லை. பேசுவதற்கு முன்னால் இது அவசியந்தானா என்று யோசிப்பாள். பெரும்பாலும் அவசியமில்லை என்றே முடிவுக்கு வருவாள். பகலெல்லாம் நோயாளிகளின் புலம்பலைக் கேட்டுவிட்டு வரும் நர்சம்மாவுக்கு, பின்வாசல் படியில் அவளோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் அவரைக்காய் ஆய்வதுதான் ஓய்வு. சிநேகிதம் அப்படி வளர்ந்ததுதான். மாற்றலாகிப் போன அன்றுகூட ஊமச்சி, "போயிட்டு வாக்கா" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவள் இப்போது மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

"தூறல் வலுக்குது, குடையைச் சாய்ச்சுப் பிடிங்க. வாய்க்கால் பலகை வந்துடுச்சு, வழுக்கும். தச்சர் வீட்டு நாய் நடு வழியில படுத்திருக்கு பாருங்க, துரை எந்திரிக்க மாட்டார், நாமதான் சுத்திப் போகணும். அக்கா, நீ பின்னாடி வா. நம்ம கேட்டுக்குப் புதுசா கொண்டி போட்டிருக்கோம், மேல இருக்கு, கை வைக்கிற இடத்துல."

"ஏண்டி, உன் வாயில யாரு சாவி போட்டுத் திறந்தது?" என்றாள் நர்சம்மா.

ஊமச்சி சிரித்தாள். பால்வண்டிக்காரரும் சிரித்தார். பேருந்து நிறுத்தத்தில் அவர் நின்ற நிலை மட்டும் நர்சம்மாவுக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. பின்படி வழியாக இறங்கி அவருக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றிருக்கிறாள். அவரோ முன்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே" என்றதும்தான் திரும்பினார். "அடடே, நர்சம்மா! என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?"

இந்த மூன்று வருஷத்தில் அவள் பத்துக் கிலோ கூடியிருந்தாள். "கழுத்தே காணாமப் போயிடுச்சு, இளைச்சுட்டேனாம்! கண்ணைக் கடன் குடுத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். கூடச் சிரிக்காமல் அவசரமாகக் குடையை விரித்தது ஊமச்சிதான்.

மதியம் சோறு போட்டபோதும் அவள் பேச்சு நிற்கவில்லை. "முட்டை வலப்பக்கம் வெச்சிருக்கேன். கீரை மேல. குழம்பு சூடு, கிண்ணத்தைத் தொடாதீங்க." தண்ணீர்க் குவளையை மேசையில் டொக்கென்று சத்தம் வர வைத்தாள். அவர் கை நேராக அந்தச் சத்தம் வந்த இடத்துக்குப் போனது. மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்த பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் குழந்தையாகிவிட்டார்கள் என்று நர்சம்மா நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் வீட்டில் அவளுக்கு முட்டை எந்தப் பக்கம் என்று சொல்ல ஆளில்லை.

"நாளைக்கு நானும் வண்டியில வரேண்ணே. மேட்டு வீடுகளையெல்லாம் பாத்து எத்தனை நாளாச்சு. நாலரை மணிக்கு எழுப்பிவிடுங்க."

"இப்பெல்லாம் ஏழு மணிக்குத்தான் கிளம்புறது. பால் சென்டர்ல நேரத்தை மாத்திட்டாங்க" என்றார் அவர், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

"இவளும் வருவாளா?"

"நான் தினம் போறேனே" என்றாள் ஊமச்சி. "வீட்டுல தனியா என்ன பண்றது? பேச்சுத்துணையாவது ஆச்சு."

மறுநாள் காலை மழை இல்லை, மூடுபனி இருந்தது. வண்டி பழையதுதான். முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீள சீட்டு. பின்னால் கம்பி அடைத்த தட்டில் எண் எழுதிய அலுமினிய கேன்கள். பதினான்கு இடத்தில் நின்று பால் ஏற்ற வேண்டும். கடைசியாக ஏரிக்கரைச் சாலை வழியாகப் பால் குளிரூட்டும் சென்டருக்குப் போக வேண்டும். இருபத்தாறு வருஷமாக அவர் ஓட்டும் பாதை அது. ஊமச்சி நடுவில் உட்கார்ந்தாள், நர்சம்மா கதவோரம்.

முதல் எட்டு இடங்கள் நன்றாகவே போயின. ஒவ்வொரு வாசலிலும் நர்சம்மாவைக் கண்டதும் ஆரவாரம். அவள் கையால் பிறந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருத்தி முழங்கால் வலியைக் கேட்டாள். பால்வண்டிக்காரர் இதற்குள் நிறைந்த கேனின் இரு காதையும் பிடித்து, ஒரு மூச்சில் தொடைக்கு, இன்னொரு மூச்சில் தட்டுக்கு என்று ஏற்றிவிடுவார். அந்த உடம்புக்கு ஐம்பத்தைந்து வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வண்டி நகர்ந்ததும் ஊமச்சி ஆரம்பித்துவிடுவாள்.

"பெரிய மரம் வருது. கிளை ஒண்ணு ஒடிஞ்சு இடப்பக்கம் தொங்குது. ரெண்டு பொம்பளைங்க புல்லுக்கட்டோட போறாங்க, ஓரமாத்தான் போறாங்க. அட, இவ யாரு, தச்சர் பொண்டாட்டியா? இல்ல, வேற ஆளு. வளைவுல தண்ணி நிக்குது. இப்ப யாரும் இல்ல. எதிர்ல டிராக்டர், ஹெட்லைட் போட்டிருக்கான், தூரத்துல. கிட்ட வரான். போயிட்டான்."

நர்சம்மா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லச் சிரிப்பு வற்றியது. 'போயிட்டான்' என்ற சொல் வரும்வரை வண்டி ஓரத்தில் ஒடுங்கி ஊர்ந்தது. வந்த பிறகுதான் வேகம் எடுத்தது. அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கோழி பார்ப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டித் திருப்பினார். முன்னால் பார்வை இருந்தது. ஆனால் ஒரு குழாய்க்குள் பார்க்கிற பார்வை. இப்படி எத்தனையோ பேரைக் கண் முகாம்களில் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கவாட்டில் விரலை ஆட்டி, "தெரியுதா?" என்று கேட்டிருக்கிறாள்.

அப்போது வண்டி ஏரிக்கரைச் சாலையில் ஏறியிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளத்தில் வயல். நர்சம்மா தன்னையறியாமல் ஊமச்சியின் கையைப் பிடித்தாள்.

"எத்தனை நாளாடி?" என்றாள், மிக மெதுவாக.

ஊமச்சி திரும்பி அவளைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. சொல் வரவில்லை. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஒரு மூச்சு இழுத்து விடும் நேரந்தான். அந்த நேரம் சாலையை யாரும் பார்க்கவில்லை.

தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு மனிதக் குரல் கேட்டது. பிறகு வண்டி உதறி நின்றது. பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

நர்சம்மா கதவைத் திறந்து குதித்தாள். முன்சக்கரத்தின் அடியில் ஒரு சைக்கிள் மடங்கிக் கிடந்தது. சாலையெங்கும் கடிதங்கள் சிதறியிருந்தன. சரிவுக்குக் கீழே, வயல் சேற்றில் தபால்காரர் மல்லாந்து கிடந்தார்.

சறுக்கிக்கொண்டே இறங்கினாள். "அசையாதீங்க. என்னைப் பாருங்க. இது எத்தனை விரல்?"

"மூணு" என்றார் அவர். "உங்க மோதிரத்தையும் சேத்தா நாலு. நர்சம்மாவா? எப்ப வந்தீங்க?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கழுத்து, இடுப்பு, கால் என்று வரிசையாகத் தடவிப் பார்த்தாள். இடது முன்கை உடைந்திருந்தது. சைக்கிளை விட்டுவிட்டுச் சரிவில் பாய்ந்ததால் உயிர் தப்பியிருக்கிறார். பால் கேன் மூடியில் சுற்றும் துணியைக் கிழித்து, குடைக்கம்பை அணை கொடுத்துக் கையைக் கட்டினாள்.

மேலே சாலையில் பால்வண்டிக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "யாரு? யாருக்கு அடி? யாராவது சொல்லுங்களேன்!"

ஊமச்சி அவரைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். "என் மேலதான் தப்பு. நாந்தான்! காலடியில ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்துச்சு, பயந்துபோய் அவர் கையைப் பிடிச்சு இழுத்துட்டேன். அவர் என்ன பண்ணுவார்?"

தபால்காரர் வலியில் பல்லைக் கடித்தார். "அளந்து பேசிட்டிருந்த வரைக்கும் நல்லா இருந்தியேம்மா. வாயைத் திறந்தே, இப்ப ஆளையே சாய்க்கப் பாத்தியே" என்று சொல்லிவிட்டுச் சரியென்று விட்டுவிட்டார். அவள் பொய் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. நர்சம்மா கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

எதிரே வந்த டிராக்டரில் தபால்காரரை ஏற்றிச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினார்கள். ஏற்றிய பாலை நடுவழியில் விட முடியாது. மிச்ச தூரம் வண்டி மாட்டு நடையில் போயிற்று. ஊமச்சி நடுங்கும் குரலில் சாலையை ஒவ்வொரு முழமாகச் சொன்னாள். நர்சம்மா வண்டிக்கு முன்னால் நடந்தே போனாள்.

மதியம் சோறு யாருக்கும் இறங்கவில்லை. பின்வாசலில் ஊமச்சி கேன்களை வெந்நீர் ஊற்றிக் கழுவினாள். நர்சம்மா மூடிகளைத் தேய்த்தாள். பால்வண்டிக்காரர் கவிழ்த்த கேன் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர்கிட்ட போனீங்களாண்ணே?"

"ஒண்ணரை வருஷம் ஆச்சு. கண்ணுக்குள்ள அழுத்தமாம். போன பார்வை போனதுதான், இருக்கிறதைக் காப்பாத்தலாம்னார். சொட்டு மருந்து போடுறேன், ஒரு வேளை தவறினதில்ல."

"வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாரா, இல்லையா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னாருக்கா" என்றாள் ஊமச்சி. "நான்தான், கூட வரேன், நான் பாத்துக்கிறேன்னேன். ஒண்ணரை வருஷம் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்ல. நீ வந்த, இன்னிக்குத்தான்..."

"ஆமா, நான் கேட்டதாலதான்" என்றாள் நர்சம்மா. "அதை நான் இல்லைங்கல. என் கேள்வி ஒரு ஆளைப் பள்ளத்துல தள்ளிடுச்சு. ஆனா நாளைக்கு உனக்குத் தும்மல் வந்தா? இருமல் வந்தா? எட்டரை மணிக்கு அந்தக் கரை மேலதானேடி பள்ளிக்கூடப் பிள்ளைங்க நடக்குது? அதுல பாதி நான் பிரசவம் பாத்த பிள்ளைங்க."

பால்வண்டிக்காரர் எழுந்தார். "நான் நிறுத்திட்டா என்ன ஆகும்னு தெரியுமா? சென்டர் வண்டி மேட்டுக்கு ஏறாது, பாதை சரியில்லன்னுடுவான். மேல ஏழு வீடு. பாலை என்ன பண்ணுவாங்க, சாக்கடையில ஊத்துவாங்களா?"

"அதுக்கு வேற வழி பாக்கலாம்ணே."

"என்ன வழி? மூணு வருஷம் எட்டிப் பாக்கல. ரெண்டு நாள் தங்க வந்துட்டு, எனக்கு வழி சொல்றியா? விருந்தாளின்னா விருந்தாளியா இரு. வந்தியா, தின்னியா, போனியான்னு இரு!"

பதினோரு வருஷத்தில் அவர் அவளை 'நீ' என்றதில்லை. நர்சம்மாவின் கையில் இருந்த மூடி நழுவி, சிமெண்டுத் தரையில் சுழன்று அடங்கியது.

"நாளைக் காலையில நீங்க சாவியைத் தொட்டா, நான் பஸ் ஏற மாட்டேன். சென்டருக்குப் போய் மேனேஜர்கிட்ட நானே சொல்லுவேன்."

ஊமச்சி வெந்நீர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "சொல்லுக்கா. தாராளமாச் சொல்லு. அப்புறம் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காத." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நர்சம்மா பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தாள். அவள் இருந்தபோது அறைந்த ஆணிகள் சுவரில் அப்படியே இருந்தன. இப்போது தீவன மூட்டை அடுக்கியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்பிவிடலாமா என்று தோன்றிற்று. கிளம்பினால் எல்லோருக்கும் நிம்மதி. நாளைக் காலை எட்டரை மணிக்கு மட்டும் யாருக்கும் நிம்மதி இல்லை. பையைத் திறந்தாள், மூடினாள். அங்கேயே இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் கேட்டுக் கொண்டி ஓசைப்பட்டது. தபால்காரரின் மனைவி. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மூன்று பேரும் நினைத்தார்கள். அவளோ கையில் ஒரு கூடை முட்டையோடு வந்தாள்.

"சுத்தமான ஒடிவுதானாம், ஆறு வாரத்துல கூடிடும்னாங்க. நர்சம்மா கட்டின கட்டைப் பாத்து டாக்டரே அசந்துட்டார்" என்றாள். பிறகு பால்வண்டிக்காரர் பக்கம் திரும்பினாள். கூடையை அவர் மடியில் வைத்தாள். "அண்ணே, உங்க கைக்கு ஒரு கும்பிடு போடணும். இவ குறுக்க இழுத்தும் நீங்க பிரேக்கை அமுக்கினீங்களே. வேற எவனாவது ஓட்டியிருந்தா, இந்நேரம் என் வாசல்ல கூட்டம் கூடியிருக்கும். நீங்க நல்லா இருக்கணும்."

அவர் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊமச்சி கதவு நிலையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். தபால்காரரின் மனைவி போய்விட்டாள்.

கூடை நெடுநேரம் அவர் மடியிலேயே இருந்தது. ஊமச்சி வாங்க வந்தாள், விடவில்லை.

"நர்சம்மா" என்று கூப்பிட்டார்.

அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் பிரேக் போட்டு அவர் தப்பிக்கல. இடிச்ச சத்தம் கேட்ட பிறகுதான் மிதிச்சேன். இடிக்கிற வரைக்கும் அங்க ஒரு ஆள் இருக்கிறதே எனக்குத் தெரியாது." கூடையை இன்னும் இறுக்கினார். "அவ வந்து என்னைத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். கும்பிடு போட்டுட்டுப் போறாளே."

ஊமச்சி அவர் காலடியில் உட்கார்ந்து, முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் மடியில் மாற்றினாள்.

காலையில் அவர் வழக்கம்போல் எழுந்து முகம் கழுவினார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தார். நர்சம்மா பையோடு நடையில் நின்றாள். அவர் வண்டியை நோக்கிப் போகவில்லை. கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார். ஊமச்சி பின்னாலேயே ஓடி அவர் முழங்கையைப் பிடித்தாள். நர்சம்மா பத்தடி தள்ளிப் போனாள்.

முதல் நிறுத்தமான மேட்டு வீட்டு வாசலில் கேன் நிறைந்து காத்திருந்தது. அந்த வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க வண்டியைக் காணோம்? பஞ்சரா?" என்றாள். அவள் மருமகள் மாட்டுக் கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார் அவர். "எனக்குத்தான் கண்ணு தெரியல. ஒண்ணரை வருஷமா இவ சொல்லச் சொல்லத்தான் ஓட்டினேன். நேத்து தபால்காரரை இடிச்சது நான். இவ கையைப் பிடிச்சு இழுக்கல. அவர் வீட்டுக்குப் போய் இதையே சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி பாலுக்கு ஒரு வழி பண்ணணும்."

வீட்டம்மா வாயைப் பிளந்தாள். ஊமச்சியைப் பார்த்தாள், நர்சம்மாவைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். கொட்டகையில் துடைப்பச் சத்தம் நின்றது.

"வண்டி எத்தனை கியர்?" என்று கேட்டாள் மருமகள்.

"நாலு. ரிவர்ஸ் தனி."

"எங்க அப்பா வீட்டுல லாரியே ஓட்டியிருக்கேன், லைசென்சும் இருக்கு. ஆனா வழி தெரியாது. பதினாலு வீட்டையும் சித்தி வந்து காட்டட்டும்" என்று ஊமச்சியைப் பார்த்தாள்.

"ஓட்டுறது சரி" என்றாள் மாமியார். "நாப்பது லிட்டர் கேனு. நீ தூக்குவியா?"

"தூக்குறதுக்குக் கண்ணு எதுக்கு?" என்றார் பால்வண்டிக்காரர்.

குனிந்து, கையால் துழாவி, கேனின் இரண்டு காதையும் பிடித்தார். தொடைக்கு ஏற்றினார். வண்டி இன்னும் அங்கே வரவில்லை என்பது அப்புறந்தான் உறைத்தது போல, கேனோடு அப்படியே நின்றார். மருமகள் அவர் விரலில் மாட்டியிருந்த சாவியைக் கழற்றிக்கொண்டு ஓடினாள். வழுக்கல் எங்கே, பள்ளம் எங்கே, கிளட்ச் எங்கே இடறும் என்று சொல்லிக்கொண்டே ஊமச்சியும் கூட ஓடினாள்.

நர்சம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "கேனைக் கீழ வைங்கண்ணே."

வைத்தார். மூச்சு வாங்கியது. அவள் நின்ற திசையை விட்டுச் சற்றுத் தள்ளியே அவர் முகம் இருந்தது.

"எனக்கு உங்க மேல இன்னும் கோவம் தீரல."

"தெரியும்ணே."

"தீர நாளாகும்."

"ஆகட்டும்."

மேட்டுக்குக் கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஒருமுறை உறுமி நின்றது, மறுபடி கிளம்பியது. அவர் காதைக் கொடுத்துக் கேட்டார். "கிளட்சைச் சீக்கிரம் விடுறா. ரெண்டு நாள்ல படிஞ்சுடும்." கொஞ்சம் பொறுத்து, "பஸ் பத்து மணிக்குத்தானே?" என்றார்.

"ஆமா."

"முட்டை அவிச்சு வெச்சிருக்கா. எடுத்துக்காமப் போயிடாதீங்க. கோவம் வேற, அது வேற."